தோமாஸின் உருளைக்கிழங்கு

பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவான் என்று எந்தப் புண்ணியவான் முதலில் சொல்லிக்கொடுத்தானோ, அவனை ஒரு நாள் எங்கள் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இங்கே ஒருவன் இருமினால் அது யாருடைய இருமல் என்று அடுத்த தெருவில் சொல்லிவிடுவார்கள். பனிமூட்டத்தில் முகம் தெரியாமல் நடந்து போகிறவனை நடையை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ரியோனா ஹாரிங்டன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். அவளுக்கே இது மறந்துபோனதுதான் கொடுமை.

கார்க் நகரத்துக் கல்லூரியில் அவள் இரண்டு பாடங்களைச் சேர்த்து எடுத்துப் படித்தாள். ஒன்று ஸ்பானிஷ், இன்னொன்று சமூகவியல். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். "ஸ்பானிஷ் படிச்சா வெயில் காயப் போலாம். கூடவே சமூகவியலும் படிச்சா, எதுக்குக் காயறோம்னு யோசிச்சிக்கிட்டே காயலாம்" என்றார் டீசல் விற்கும் மார்ட்டி. அவளுடைய அப்பா கான் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்பெயின் கப்பல்கள் எங்கள் துறையில் இறக்கும் மீன் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் அவருக்கு வேலை. அத்தனை வருஷம் அந்த ஆட்களோடு பழகியும் அவருக்கு வந்த ஸ்பானிஷ் 'சரி', 'சீக்கிரம்', இரண்டு கெட்ட வார்த்தை, அவ்வளவுதான். மகள் கப்பலின் மேல்தளத்தைப் பார்த்து ஏதோ கேட்க, அங்கிருந்து பத்துப் பேர் சிரித்துக்கொண்டு பதில் சொல்வதைப் பார்த்தால் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. "என் பொண்ணு" என்று பக்கத்தில் நிற்பவனிடம் சொல்லுவார். அவன் அவளைப் பிறந்ததிலிருந்து பார்த்தவனாகத்தான் இருப்பான்.

கடைசி வருஷ ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது அந்தக் கப்பல் ஆட்களைத்தான். கப்பல் ஸ்பெயின் நாட்டுடையது, கேப்டன் அந்த நாட்டுக்காரர், ஆனால் வலை இழுக்கிறவர்களில் பாதிப் பேர் பெருவிலிருந்து வந்தவர்கள். எங்கள் கடலில் மீன் பிடித்து, எங்கள் துறையில் இறக்கிவிட்டு, எங்கள் ஊருக்குள் கால் வைக்காமலே திரும்பிப் போகிறவர்கள். பேராசிரியை ஃபிடெல்மா க்ரௌலி இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"உன் ரெண்டு பாடமும் ஒரே இடத்துல வந்து நிக்குதும்மா. இதை விட்டுடாதே. ஆனா ரெண்டு விஷயம் மறக்கக்கூடாது. பேசினவங்க யாருன்னு எவனுக்கும் தெரியக்கூடாது. அப்புறம், எழுதி முடிச்சதும் அதை அந்த ஊர் ஜனங்ககிட்டயே கொண்டுபோய்ச் சொல்லணும். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கணும். இல்லன்னா நாம திருடங்கதான்."

நல்ல மனுஷி. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பது மட்டும் அங்கே இருந்த இருவருக்கும் தோன்றவில்லை.

பேட்டியெல்லாம் அப்பாவின் லாரி முன்சீட்டில் நடந்தது. குளிர்காலம். மழை பெய்யாத நாளைத் தேடத்தான் வேண்டும். ஹீட்டரைப் போட்டுவிட்டு அப்பா கீழே இறங்கி, ஐஸ் கொட்டகை ஓரமாக நின்று சிகரெட் பிடிப்பார். உள்ளே அவள் போனில் பதிவு செய்துகொள்வாள். பேச வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். சாப்பாடு பரவாயில்லை, கேப்டன் நல்லவர், குளிர்தான் ஜாஸ்தி. சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாகக் கப்பலைப் பார்ப்பார்கள்.

எலாதியோ மட்டும் அப்படி இல்லை. ஐம்பதைத் தொட்டவர், குள்ளம், 'நோவா அமாலியா' என்ற கப்பலில் வேலை. முதல் நாளே அவளைக் கிண்டல் செய்தார்.

"ஏ புள்ள, உன் ஸ்பானிஷ் பூசை வைக்கிற சாமியார் பேசற மாதிரி இருக்கு. இப்படிப் பேசினா உனக்கு எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். பாவத்தைத்தான் சொல்லுவான்."

"வேற எப்படிப் பேசணும் ஐயா?"

"முதல்ல இந்த ஐயாவை விடு. ஐயாவெல்லாம் மேல சக்கரம் பிடிச்சிக்கிட்டு நிக்கறவரு. நான் எலாதியோ."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பெயர் சொல்லியே கூப்பிட்டாள். கல்லூரியில் யாரும் சொல்லித்தராத வார்த்தைகள், வலை சிக்கினால் என்ன சொல்வது, கடல் கொந்தளித்தால் என்ன சொல்வது, கேப்டன் காதில் விழாமல் என்ன சொல்வது, எல்லாம் அந்த முன்சீட்டில்தான் அவள் நாக்கில் ஏறின. அவருடைய மூத்த மகள் பெருவில் பைத்தா என்ற ஊரில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். "உன் வயசுதான். உன்னை மாதிரியே கேள்வி மேல கேள்வி கேட்டு உசிரை வாங்குவா. இந்தக் கப்பல் போற வரைக்கும் அவ படிப்பும் போகும்" என்றார்.

கப்பலில் காலையில் சமையல்காரன் உருளைக்கிழங்கு அவிப்பான். எலாதியோ சூடாக இரண்டை எடுத்து மழைக்கோட்டின் இரண்டு பாக்கெட்டிலும் போட்டுக்கொள்வார். மேல்தளத்தில் கை விறைத்துப்போகும்போது பாக்கெட்டுக்குள் விட்டு அதைப் பிடித்துக்கொள்வார். சூடு ஆறியதும் தின்றுவிடுவார். "கைக்கும் ஆச்சு, வயித்துக்கும் ஆச்சு. கேப்டனுக்கு ரெட்டை லாபம்" என்று சொல்லி ஒரு நாள் ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினார். தோல் சுருங்கி, புகையிலைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதியைப் பிட்டு அவளிடம் கொடுத்தார். அவளும் தின்றாள்.

அன்றைக்குத்தான் அந்தக் கதையையும் சொன்னார். சொல்வதற்கு முன்னால் பதிவை நிறுத்தச் சொல்லி, யோசித்து, மறுபடி போடச் சொன்னார்.

நவம்பரில் வலை இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் ஒரு ஆளின் கை சிக்கி நசுங்கிவிட்டது. கரைக்குத் திரும்ப வேண்டும் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். கேப்டன் செவெரினோ, மீன் கிடங்கு இன்னும் நிறையவில்லை என்றார். அது நிறைகிற வரைக்கும் கப்பல் கடலிலேயே நின்றது. இரத்தம் இறங்காமல் இருக்க அந்தக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். எலாதியோதான் படுக்கை ஓரத்தில் நின்று பிடித்தார். கை மரத்துப்போனால் தோளை முட்டுக்கொடுத்துப் பிடித்தார். கரைக்கு வந்தபோது டாக்டரிடம், அன்று காலைதான் அடிபட்டது என்று கேப்டன் சொன்னார். கை போய்விட்டது. அந்த ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இதை நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது, புள்ள. இந்தக் கரையில இருக்கற கேப்டனுங்க எல்லாம் ஒரே மேஜையில உக்காந்து குடிக்கறவனுங்க. ஒருத்தன், இவன் ஓட்டை வாயன்னு சொன்னாப் போதும். எந்தக் கப்பலும் ஏத்தாது."

"எலாதியோ, என்னை நம்புங்க. பேரை மாத்திடுவேன். நாடு, வயசு, எல்லாத்தையும் மாத்திடுவேன். உங்களைப் பெத்தவங்களே படிச்சாலும் நீங்கன்னு தெரியாது."

"என்னைப் பெத்தவளுக்குப் படிக்கத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். "சரி. யாராவது ஒருத்தருக்காவது தெரியணும் இல்ல? அந்தக் கையை நான் பிடிச்சிருந்தேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். அதில் அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. எலாதியோ, தோமாஸ் ஆனார். பெரு, சிலி ஆனது. ஐம்பது, நாற்பதானது. நர்ஸ் படிக்கும் மகள், பள்ளிக்கூடம் போகும் மகன் ஆனாள். கப்பல் பெயர் இல்லை, கேப்டன் பெயர் இல்லை. அப்படியே விட்டது உருளைக்கிழங்கை மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் தோமாஸ் வெறும் காகிதம். அது இருந்தால் ஆள் எதிரே வந்து நிற்கிறான். வகுப்பில் வருஷக்கணக்காக அவள் கேட்டதும் அதுதானே, மனிதர்களை எண்ணிக்கையாக எழுதாதே, மூச்சு விடுகிற மாதிரி எழுது என்று. ஃபிடெல்மா அந்த இடத்தில் ஓரமாக 'அடேயப்பா, அருமை' என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு பாராட்டு கிடைத்தபின் எந்தப் பிள்ளைதான் அதை வெட்டும்?

ஈஸ்டர் கழித்து, மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தாள். அம்மா ரொட்டியில் ஹாம் வைத்து அடுக்கினாள். அப்பா நாற்காலி போட்டார், கழுத்தில் டை கட்டிக்கொண்டு. கப்பல் ஆட்களுக்கும் சொல்லியிருந்தாள். அவர்கள் கடலில் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் நம்மவர்கள்தான். எழுதியதை அவள் வாசித்துக்கொண்டு வர, தோமாஸின் பாக்கெட் உருளைக்கிழங்கு வந்ததும் மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது; மூன்று வேளையும் அதையே தின்கிற ஊர் இது. "அந்த ஆளுக்கு நம்ம ஊர் குடியுரிமை குடுங்கடா!" என்று பின்வரிசையிலிருந்து மார்ட்டி கத்தினார். ஏஜென்ட் டெனிஸ் ஓஷே கண்ணீர் வரச் சிரித்தார். எந்தக் கப்பலில் ஆள் ஏறுவது, இறங்குவது என்றாலும் எங்கள் துறையில் அவர் அலுவலகம் வழியாகத்தான் நடக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள், வின்சில் கை நசுங்கிய ஆளின் கதையைச் சொன்னாள். யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தது மட்டும் கேட்டது. அப்பா தலையை நிமிர்த்தி எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். அன்றைக்கு அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. தோமாஸின் குரலை ஊர் கேட்டுவிட்டது என்று நினைத்தாள்.

ஊர் நன்றாகவே கேட்டது. கப்பல் பெயரை அவள் சொல்லவில்லைதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கை நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே ஆள், வந்தது ஒரே கப்பல். 'நோவா அமாலியா' கரைக்கு வந்த அன்றே செவெரினோவின் காதுக்கு விஷயம் போய்விட்டது. அவர் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. எலாதியோவும்தான்.

மறுநாள் காலை ரியோனா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அப்பா சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"நேத்து பப்புல செவெரினோவைப் பாத்தேன்டி. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, யார்ரா இந்தத் தோமாஸ், என் கப்பல்ல சிலிக்காரனே கிடையாதேன்னு அரைகுறை இங்கிலீஷ்ல ஒவ்வொருத்தனையா கேட்டுக்கிட்டு இருந்தான். பாவமா இருந்துச்சு. சரி, கொஞ்சம் சிரிக்க வெப்போம்னு..."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னப்பா சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன், எனக்கென்ன ஸ்பானிஷா தெரியும்? நடிச்சுக் காட்டினேன். தட்டுல இருந்து ரெண்டு உருளைக்கிழங்கை எடுத்து இந்தப் பாக்கெட்டுல ஒண்ணு, அந்தப் பாக்கெட்டுல ஒண்ணு போட்டு, கையை உள்ள விட்டு... என் பொண்ணு எழுதினதுன்னு சொன்னேன். கூட இருந்தவங்க எல்லாம் உருண்டு உருண்டு சிரிச்சாங்க."

"அவரு?"

"அவன் சிரிக்கலை." அப்பா சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார். "குடிச்சதைப் பாதியில வெச்சிட்டு எழுந்து போயிட்டான். ஏன்டி?"

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. தன் லாரியில் அந்தக் குள்ள மனுஷன் கப்பல் வரும்போதெல்லாம் ஏறியதும், பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்துப் பிட்டுக் கொடுத்ததும், வெளியே மழையில் நின்று அவர் பார்த்ததுதானே. "ஐயோ, ரியோனா" என்றார். "நான் அப்படி யோசிக்கவே இல்லம்மா."

அவரைச் சொல்லி என்ன? எழுதின மகளே யோசிக்கவில்லை.

கோட்டைக்கூட மாட்டாமல் துறைக்கு ஓடினாள். 'நோவா அமாலியா' நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. கப்பல் விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தது. எலாதியோவின் போனுக்கு அடித்தாள், செய்தி அனுப்பினாள், கடலில் எந்தப் போன் எடுக்கும்? ஃபிடெல்மாவைக் கூப்பிட்டு அழுதாள். அவர், "பேரெல்லாம் மாத்தியிருந்தியேம்மா" என்றார். மாற்றியிருந்தாள்தான்.

கப்பல் திரும்பி வரும் வரைக்கும் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. தினமும் துறைக்குப் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தாள். வானம் ஒரு நாளும் வெளுக்கவில்லை. நடுக்கடலில், அதே ஆட்களோடு, அதே கேப்டனின் கண்ணுக்கு எதிரே அந்த மனுஷன் எப்படி வலை இழுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அவித்த உருளைக்கிழங்கைத் தட்டில் பார்த்தால் எழுந்து போய்விடுவாள். அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் அப்பா போன் செய்தார்.

"கப்பல் வந்துடுச்சும்மா. டெனிஸ் உன்னைக் கூப்பிடறாரு. வழக்கமா மொழிபெயர்க்கற அம்மா ஊர்ல இல்லையாம். ஒரு ஆளை இறக்கி அவன் நாட்டுக்கு அனுப்பறாங்களாம். நீ வந்து கேட்டுச் சொல்லணுமாம்."

"யாரைப்பா?"

"வாம்மா" என்றார். "நான்தான் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடணும்."

வழியெல்லாம் அவள் ஸ்பானிஷில் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லார் எதிரிலும் சொல்லிவிடுவது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவது, கேப்டனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவது. புத்தக ஸ்பானிஷ் வேண்டாம், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே பேச வேண்டும். ஏஜென்ட் அலுவலகப் படி ஏறும்போது அந்த வாக்கியம் அவள் வாயில் தயாராக இருந்தது.

உள்ளே டெனிஸ் மேஜைக்குப் பின்னால் இருந்தார். செவெரினோ ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், நல்ல கம்பளிச் சட்டை, சவரம் செய்த முகம். எலாதியோ ஒரு பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் நுழைந்ததும் ஏறிட்டுப் பார்த்தார். முன்பின் தெரியாத கடைக்காரரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்பா கதவோரம் நின்றுகொண்டார்.

டெனிஸ் கெட்டவர் இல்லை. முறைப்படி செய்கிறவர். "ரியோனா, இவரு தன் இஷ்டத்தோடதான் கப்பலை விட்டுப் போறாரான்னு கேளு. அதை அவர் வாயால நான் கேக்கணும்."

அவள் கேட்டாள்.

"ஆமாம், இஷ்டத்தோடதான்" என்றார் எலாதியோ. "முதுகு வலின்னு சொல்லுங்க. கொஞ்ச நாள் வீட்டுல இருந்துட்டு, வேற கப்பல் பாத்துக்கறேன்."

சொல்லுங்க. அவளை அவர் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். டெனிஸ் தலையசைத்தார்.

செவெரினோ ஜன்னலிலிருந்து திரும்பினார். "இந்தப் பொண்ணுகிட்டதானே கதை விட்ட?" என்று ஸ்பானிஷில் எலாதியோவைக் கேட்டுவிட்டு டெனிஸைப் பார்த்தார். "கேளுங்க அவனை."

"என்ன சொல்றாரு?" என்றார் டெனிஸ்.

அவள் சொன்னாள். சொல்லிவிட்டு எலாதியோ பக்கம் திரும்பினாள். வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "நான்..." என்று ஆரம்பித்தாள்.

"இந்த மேடத்தை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்" என்றார் எலாதியோ, வெடுக்கென்று. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேற கப்பல் பாத்துக்கறேன் என்றாரே. இன்னும் அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். இவள் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தோமாஸ் இவர்தான் என்று இந்த அறையிலேயே முடிவாகிவிடும். செவெரினோ அதை ஒவ்வொரு மேஜையிலும் சொல்லுவார். எலாதியோவின் பிழைப்பில் விழுந்த மண்ணுக்கு மேல் இவள் கல்லையும் தூக்கிப் போட்ட மாதிரி ஆகும். மன்னிப்புக் கேட்கக்கூட இவளுக்கு வழி இல்லை.

"இவருக்கு என்னைத் தெரியாதாம்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

கதவோரத்தில் அப்பா தரையைப் பார்த்தார்.

செவெரினோ அவளுக்கு நேராக வந்து நின்றார். "அப்ப நீ சொல்லு. உன் தோமாஸ் இவன்தானே?"

"இல்லை. தோமாஸ் போன வருஷமே வேற ஊருக்குப் போயிட்டாரு. இவரை எனக்குத் தெரியாது."

"பின்ன உருளைக்கிழங்கு? என் கப்பல்ல பாக்கெட்டுல கிழங்கோட திரியறவன் இவன் ஒருத்தன்தான். அதை யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. நானா கட்டிவிட்டது. கேக்கறவங்க சிரிக்கட்டும்னு சேர்த்தேன்." அவளுடைய ஸ்பானிஷ் அன்றைக்கு ஓடின மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. "எங்க ஊர்ல உருளைக்கிழங்குன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

"என்ன, என்ன?" என்றார் டெனிஸ், ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டு.

அவள் அதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கு நான் கட்டிவிட்டது என்று. ஆய்வு எழுதுகிறவள் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அதுதான். கல்லூரி வரைக்கும் போனால் மூன்று வருஷப் படிப்பும் போய்விடும். அது அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

டெனிஸ் பேனாவை மூடினார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இத்தனை நாளாக அவருக்கும் தூக்கம் இருந்திருக்காது, அந்தக் கப்பலுக்கு ஏஜென்ட் அவர்தானே. "அப்படின்னா அந்தக் கை நசுங்கின கதை? கரைக்கு வராம கடல்லயே நின்னாங்கன்னு சொன்னியே. அதுவும் நீ கட்டினதுதானா?"

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செவெரினோவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும்.

உருளைக்கிழங்கு பொய், கை மட்டும் நிஜம் என்று எப்படிச் சொல்வது? நிஜம் என்றால் யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். யார் அது என்று அடுத்த கேள்வி வரும். அவள் எலாதியோவைப் பார்க்க நினைத்தாள், பார்க்கவில்லை.

"ஆமாம்" என்றாள். "எல்லாமே."

அதை ஸ்பானிஷிலும் சொன்னாள். டெனிஸ் கேட்கவில்லை, அவளேதான் சொன்னாள், ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்குக் கொண்டுபோவதே அன்றைக்கு அவள் வேலை என்பதுபோல.

எலாதியோ தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களை மடக்கினார். நிமிரும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

செவெரினோ உதட்டைப் பிதுக்கினார். நம்பினாரா இல்லையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். "படிச்ச பொண்ணு" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"இவரு வேற ஏதாவது சொல்லணுமா, கேளு" என்றார் டெனிஸ், எழுந்துகொண்டே. "வண்டிக்கு நேரமாச்சு."

அவள் கேட்டாள். எலாதியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மழைக்கோட்டு பாக்கெட்டுகள் இரண்டும் தட்டையாகக் கிடந்தன. வாசல் வரைக்கும் போனவர், அப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, அவள் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே செவெரினோ இன்னும் படியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா ஸ்பானிஷ் பேசறீங்க மேடம்" என்றார், வெளியே கேட்கிற மாதிரி. "எங்க கத்துக்கிட்டீங்க?"

அவள் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"காலேஜ்ல" என்றாள்.